ஏழு முறை தோற்றவரும் ஆறு முறை ஜெயித்தவரும்: தென்காசி தொகுதி அலசல்களைப் படித்தபோது

தேர்தல் வந்தால் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் ஒரு பக்கம் வரும். "தொகுதி ஒரு பார்வை", "கள நிலவரம்", "தொகுதி அலசல்" என்று பெயர்தான் மாறும். அதை வெட்டி வைக்கிற பழக்கம் எனக்கு 1999-ல் ஆரம்பித்தது. அப்போது பி.இ. மூன்றாம் வருடம். ஹாஸ்டல் மெஸ்ஸில் கிடந்த பேப்பரில் எங்கள் ஊர் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் கிழித்து வைத்தேன். இப்போது தென்காசி நாடாளுமன்றத் தொகுதிக்கு மட்டும் ஒரு ஃபைல் நிறைய இருக்கிறது. 2014-க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டும், யூடியூப் வீடியோவைக் கேட்டு எழுதிய குறிப்பும்.

போன சாரலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வெள்ளம் என்று மெயினருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கத் தடை. வீட்டில் சும்மா கிடந்த இரண்டு நாளில் ஃபைலை முழுசாக ஒரே மூச்சில் படித்தேன். தனித்தனியாகப் படித்தபோது தோன்றாத ஒன்று அப்போது தோன்றியது. இந்த அலசல்கள் எல்லாமே ஒரே கட்டுரைதான். அந்தக் கட்டுரை, தென்காசியில் உண்மையில் நடந்த தேர்தல்களில் பாதியைக்கூட விளக்காது.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தென்காசி தனித் தொகுதி. நான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவன் இல்லை. நான் பிறந்து வளர்ந்த தொகுதியில் எம்.பி. பதவிக்கு நானே நிற்க முடியாது. இதை எழுதுகிறவன் அந்த இடத்தில் இருப்பவன் என்பதைப் படிக்கிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

அலசலின் அச்சு இப்படி இருக்கும். முதல் பாராவில் குற்றாலம், காசி விஸ்வநாதர் கோவில் கோபுரம். இரண்டாவதில் புளியங்குடி எலுமிச்சை, சங்கரன்கோவில் விசைத்தறி, ராஜபாளையம் நூற்பாலை. மூன்றாவதில் செங்கோட்டை ரயில், குடிதண்ணீர், "தொழிற்சாலை இல்லை". நான்காவது பாராதான் உயிர்நாடி: எந்தச் சமூகம் எத்தனை சதவீதம். அதற்குப் பிறகு, "எனவே இவர்களின் ஓட்டு யாருக்கோ அவருக்கே வெற்றி" என்று முடியும். 2009-ல் எழுதியதில் வேட்பாளர் பெயரை மாற்றி 2024-ல் போட்டாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எங்கள் தொழிலில் இதை டெம்ப்ளேட் என்போம்.

இதில் சின்னச் சின்னப் பிழைகள் இருக்கின்றன, அவற்றை ரொம்ப இழுக்க வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனதிலிருந்து மாவட்டத்தையும் தொகுதியையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருப்பது விருதுநகர் மாவட்டத்தில், ஓட்டுப் போடுவது தென்காசி எம்.பி.க்கு. ஆலங்குளம் இருப்பது தென்காசி மாவட்டத்தில், ஓட்டுப் போடுவது திருநெல்வேலி எம்.பி.க்கு. மூன்றாவது பாராவில் வருகிற பிரச்சினைகளில் சில வேறு தொகுதியின் பிரச்சினைகள்.

நாலாவது பாராவுக்கு வருவோம். அந்தச் சதவீதங்கள் எங்கிருந்து வருகின்றன? ஒரு அலசலிலும் ஆதாரம் கிடையாது. ஒரே தேர்தலுக்கு இரண்டு இதழ்கள் சொன்னதை அருகருகே வைத்தால் ஒத்துப் போகவில்லை. ஒன்றில் எல்லாச் சமூகத்தையும் கூட்டிப் பார்த்தேன், நூறைத் தாண்டிப் போனது. அதில் ஆச்சரியமில்லை. எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசி மக்கள்தொகைக் கணக்கு 1931-ல் எடுத்தது. அதற்குப் பிறகு பட்டியல் சாதிகளும் பழங்குடிகளும் மட்டும்தான் ஒவ்வொரு முறையும் எண்ணப்பட்டார்கள். 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் சாதி விவரம் வெளியே வரவே இல்லை. ஆக, ஒரு தொகுதியில் தேவர் இத்தனை, நாடார் இத்தனை, முஸ்லிம் நீங்கலாக மற்றவர் இத்தனை என்று தசமப் புள்ளியோடு எழுதுகிறவர், யாரோ ஒரு கட்சிக்காரர் சொன்னதை எழுதுகிறார். அந்தக் கட்சிக்காரர் தன் சீட்டுக்காகத் தலைமையிடம் சொன்ன கணக்கு அது. எண் ஒருமுறை அச்சில் ஏறிவிட்டால் அடுத்த தேர்தலுக்கு அதுவே ஆதாரம்.

சரி, எண்கள் தப்பாகவே இருக்கட்டும், சூத்திரமாவது சரியா? அதைச் சோதிக்கத் தென்காசியைப் போல நல்ல தொகுதி வேறு கிடைக்காது. ஏனென்றால் இங்கே இரண்டு பேர் திரும்பத் திரும்ப நின்றிருக்கிறார்கள்.

முதலாமவர் எம். அருணாசலம். 1977, 1980, 1984, 1989, 1991, 1996 என்று வரிசையாக ஆறு முறை ஜெயித்தவர். ஐந்து முறை காங்கிரஸ், கடைசி முறை த.மா.கா. தேவகவுடா அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சராகவும் இருந்தார். என் சின்ன வயதில் எம்.பி. என்றாலே அருணாசலம்தான், அது பதவியின் பெயரா ஆளின் பெயரா என்றே தெரியாது. இந்த ஆறு வெற்றிகளையும் அலசல்கள் "அருணாசலத்தின் கோட்டை" என்று எழுதும். கூட்டணியைப் பாருங்கள். 1977-ல் காங்கிரஸ் அதிமுகவுடன். 1980-ல் திமுகவுடன். 1984, 1989, 1991-ல் மறுபடி அதிமுகவுடன். 1996-ல் த.மா.கா. திமுகவுடன். ஒவ்வொரு முறையும் மாநிலத்தில் எந்த அணி அதிக இடங்களில் ஜெயித்ததோ அந்த அணியில் அவர் இருந்தார். 1998-ல் காற்று அதிமுக அணி பக்கம் அடித்தது. அந்தத் தேர்தலிலேயே அவர் அதிமுகவின் எஸ். முருகேசனிடம் தோற்றார். கோட்டை என்றால் காற்று மாறும்போதும் நிற்க வேண்டாமா?

இரண்டாமவர் டாக்டர் க. கிருஷ்ணசாமி. புதிய தமிழகம் கட்சியின் தலைவர். 1995-ல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கியதற்குப் பிறகு தென்மாவட்ட தேவேந்திரர்களிடையே எழுந்த பெரிய குரல் அவர். 1996-ல் ஓட்டப்பிடாரத்தில் எம்.எல்.ஏ. ஆனார், 2011-லும் அங்கே ஜெயித்தார். 1999 ஜூலையில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் போன ஊர்வலத்தில் தடியடி நடந்து, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்களே, அந்த ஊர்வலத்தின் முன்னால் இருந்தவர்களில் ஒருவர். அவர் தென்காசியில் நின்ற ஆண்டுகள்: 1998, 1999, 2004, 2009, 2014, 2019, 2024. ஏழு முறை. ஏழு முறையும் தோல்வி.

"இந்தத் தொகுதியில் பெரும்பான்மையாக உள்ள பட்டியல் சமூகத்தின் தலைவர்" என்று இந்த ஏழு தேர்தலிலும் அலசல்கள் அவரை எழுதின. சூத்திரம் சரியென்றால் ஒரு தடவையாவது ஜெயித்திருக்க வேண்டும். ஒரே இன்புட்டை ஏழு முறை கொடுத்து ஏழு முறையும் தப்பான விடை வந்தால் நாங்கள் இன்புட்டைக் குறை சொல்ல மாட்டோம், புரோகிராமைத் திறந்து பார்ப்போம்.

திறந்தால் உள்ளே சின்ன விஷயம்தான். தனித் தொகுதி என்பது தலித்துகள் பெரும்பான்மையாக உள்ள தொகுதி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிடையாது. 2001 கணக்கெடுப்பில் தமிழகத்தில் பட்டியல் சாதியினர் 19 சதவீதம், அதனால் 39-ல் 7 இடம். திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம், நீலகிரி, தென்காசி. ஒப்பீட்டில் அதிகமாக உள்ள இடங்களில், மாநிலத்தின் பல பகுதிகளுக்கும் பிரித்து ஒதுக்க வேண்டும் என்பது விதி. ஏழில் ஒன்றிலும் அவர்கள் பாதி இல்லை. வேட்பாளர் யாராக இருக்க முடியும் என்பதைத்தான் ஒதுக்கீடு தீர்மானிக்கிறது. ஓட்டுப் போடுகிறவர்களில் அதிகம் பேர் மற்றவர்கள். அப்படியென்றால் ஒரு தலித் இயக்கத்தின் முகமாக அறியப்பட்டவருக்கு, அந்த முகமே பாரமாகும்.

கிருஷ்ணசாமியின் ஏழு தேர்தலையும் இரண்டாகப் பிரிக்கலாம். 1998 முதல் 2009 வரை நான்கு முறை இரண்டு பெரிய அணிகளுக்கும் வெளியே நின்றார். 2014-ல் திமுக அணி, 2019-லும் 2024-லும் அதிமுக அணி. 2009-ல் வெளியே நின்று வாங்கியது ஒரு லட்சத்துச் சொச்சம். அது ஜெயித்தவருக்கும் இரண்டாவது வந்தவருக்கும் இருந்த வித்தியாசத்தைவிட அதிகம். அணிக்குள் வந்த பிறகு 2014-ல் 2.62 லட்சம், 2019-ல் 3.55 லட்சம், 2024-ல் 2.29 லட்சம். வெளியே இருந்தால் யார் தோற்பது என்பதைத் தீர்மானிக்க முடிந்தது. உள்ளே வந்தால் இரண்டாம் இடம்.

இது கிருஷ்ணசாமி என்ற தனி மனிதரின் பிரச்சினை என்று சொல்வார்கள். அவர் நிலைப்பாடுகள் மாறியது, பட்டியலிலிருந்து தேவேந்திரகுல வேளாளரை வெளியேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டே பட்டியல் சாதிக்கான தொகுதியில் நின்றது, இதெல்லாம் காரணம் என்பார்கள். இருக்கலாம், நானும் அந்த முரணை ரசித்தவன் இல்லை. அதனால் தென்காசியை விட்டு வெளியே போய் ஒரு தேர்தலைப் பார்த்தேன். 2019, விடுதலைச் சிறுத்தைகள் கட்சி. அக்கம்பக்கத்தில் இரண்டு தனித் தொகுதிகள், சிதம்பரமும் விழுப்புரமும். ஒரே கட்சி, ஒரே திமுக கூட்டணி, ஒரே தேர்தல். சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார், 3,219 ஓட்டில் ஜெயித்தார். விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார், வித்தியாசம் 1.28 லட்சம். அந்த அணி 39-ல் 38-ஐ அள்ளிய தேர்தல் அது! சின்னம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், தொகுதிகள் வேறு, எதிரே நின்றவர்கள் வேறு. ஆனால் தலித் கட்சியின் தலைவர் தலித் கட்சியின் தலைவராகவே நிற்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்பது தெரிகிறது.

இப்படிச் சொன்னதும் "அப்போ எல்லாம் கூட்டணிதான்" என்று ஒரு எளிய விடைக்குத் தாவத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மாநிலக் காற்று எந்தப் பக்கமோ தென்காசி அந்தப் பக்கம் என்று ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டு, பழைய முடிவுகளோடு சரிபார்த்தேன். மூன்று இடத்தில் உதைத்தது. 1967-ல் தமிழகமே திமுக பக்கம் சாய்ந்தபோது காங்கிரசுக்குக் கிடைத்தது மூன்றே எம்.பி., அதில் ஒருவர் தென்காசியின் ஆர்.எஸ். ஆறுமுகம். 1999-ல் திமுக-பாஜக அணி 26 இடம் வென்றபோது தென்காசி அதிமுகவின் முருகேசனை மறுபடி அனுப்பியது. 2009-ல் திமுக அணி 27 வென்றபோது, அதிமுக அணியிலிருந்த இந்திய கம்யூனிஸ்ட்டின் பொ. லிங்கம் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் தமிழகத்தில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் தென்காசி. 1999-லும் 2009-லும் களத்தில் மூன்றாவதாகக் கிருஷ்ணசாமி கணிசமாகப் பிரித்திருக்கிறார். 1967-க்கு எனக்கு இன்னும் நல்ல விளக்கம் கிடைக்கவில்லை. ஆக என் சூத்திரமும் ஓட்டைதான். ஆனால் என்னுடையது பொய்த்த இடங்களை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அலசல்கள் ஒரு தடவைகூட, "போன முறை நாங்கள் சொன்னது பலிக்கவில்லை" என்று எழுதிப் பார்த்ததில்லை.

முடிவுகள் வந்த பிறகு இன்னொரு வகை அலசல் வரும், கூட்டல் அலசல். 2024 ஜூன் 4-ந்தேதி ராணி ஸ்ரீகுமார் 4.25 லட்சம் வாங்கி 1.96 லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். கிருஷ்ணசாமி 2.29, ஜான் பாண்டியன் 2.08, நாம் தமிழர் 1.30. உடனே கூட்டினார்கள்: 2.29-ம் 2.08-ம் சேர்ந்தால் 4.38 லட்சம், திமுகவைவிட அதிகம், அதிமுகவும் பாஜகவும் சேர்ந்திருந்தால் தென்காசி அவர்களுக்குத்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனை ஏற்கனவே நடந்து முடிந்தது. 2019-ல் அதிமுக, பாஜக, கிருஷ்ணசாமி மூவரும் ஒரே அணியில்தான் இருந்தார்கள். அப்போது வந்தது 3.55 லட்சம். அமமுக பிரித்த சுமார் 92 ஆயிரத்தையும் அதில் சேர்த்துவிடுங்கள், அப்போதும் தனுஷ் எம். குமார் வாங்கிய 4.76 லட்சத்தைத் தொடவில்லை. ஓட்டு பைப் தண்ணீர் மாதிரி, இரண்டு பைப்பை ஒரு தொட்டியில் விட்டால் கூடிவிடும் என்று நினைக்கிறார்கள். பாதி வழியில் வேறு பக்கம் ஓடிவிடும்.

2024-ல் எனக்குக் கவலை தந்தது வேறு. தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பட்டியலை இறக்கி கட்சி வாரியாகப் பிரித்தால் தென்காசியில் திமுக, அதிமுக, பாஜக, நாம் தமிழர் என்று வருகிறது. புதிய தமிழகம் இல்லை. ஜான் பாண்டியனின் தமிழக மக்கள் முன்னேற்றக் கழகமும் இல்லை. முன்னவர் இரட்டை இலையில் நின்றதால் அதிமுக, பின்னவர் தாமரையில் நின்றதால் பாஜக. முப்பது வருட தேவேந்திரர் அரசியலின் இரண்டு முகங்களும் எதிரெதிரே நின்ற ஒரு தேர்தலில், அந்த அரசியல் தரவில் ஒரு வரியாகக்கூட இல்லை. நாளைக்கு ஒரு மாணவர் இந்த ஃபைலை வைத்து ஆய்வு செய்தால், தென்காசியில் 2024-ல் தலித் கட்சி எதுவும் போட்டியிடவில்லை என்று எழுதுவார். ஃபைல்படி அவர் சொன்னது சரியாகவும் இருக்கும்.

ஜெயித்திருந்தாலும் நிலைமை அதுதான். ஒரு கட்சியின் சின்னத்தில் ஜெயித்தவர் நாடாளுமன்றத்தில் அந்தக் கட்சிக்காரர். கொறடா சொன்னபடி ஓட்டுப் போட வேண்டும், மீறினால் 1985-ல் வந்த கட்சித்தாவல் சட்டம் பதவியைப் பறிக்கும். சொந்தக் கட்சியின் பெயர் லெட்டர்பேடில் இருக்கும்.

இந்தக் குழப்பம் இன்று முளைத்ததும் இல்லை. 1932 செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டு, எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போடும் முறை வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் நம்மூர் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் உண்டு. இடையில் ஒரு படி இருந்தது பலருக்குத் தெரியாது. ஒதுக்கப்பட்ட இடத்துக்கு முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நான்கு பேரில் ஒருவரைத்தான் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அரசியலமைப்புச் சட்டம் எழுதும்போது அந்த முதல் படி போய்விட்டது. போகும்போது தடுத்துப் பார்த்தவர் சென்னை மாகாணத்திலிருந்து போன உறுப்பினர் எஸ். நாகப்பா. தனித் தொகுதியில் ஜெயிக்கிற வேட்பாளர், தன் சமூகத்தவர் போட்ட ஓட்டில் குறைந்தது 35 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும் என்று 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தார். படேல் எதிர்த்தார். நாகப்பா திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நாகப்பாவின் 35 சதவீதம் நடைமுறையில் சரிப்பட்டிருக்குமா என்பது வேறு கேள்வி, ரகசிய ஓட்டில் அதை எண்ணுவதே பெரும்பாடு. நான் பார்ப்பது அந்த விட்டுப்போன முதல் படியை. அது காலியாக இல்லை. நான்கு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிற வேலை இப்போது சென்னையில் கட்சி அலுவலகத்து நேர்காணலில் நடக்கிறது. சங்கரன்கோவிலிலும் வாசுதேவநல்லூரிலும் இருக்கிற தலித் வாக்காளருக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது. தொகுதி அலசல் உண்மையிலேயே அலச வேண்டிய இடம் அந்த அறை: யார் யார் விருப்ப மனு கொடுத்தார்கள், யாரை எதற்குக் கழித்தார்கள், யார் சிபாரிசு எடுபட்டது. அதைப் பற்றி என் ஃபைலில் "தலைமை இவரைத் தேர்வு செய்துள்ளது" என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் ஊரில் கேட்கிற ஒரு குரலையும் சொல்ல வேண்டும். "1967-லேருந்து தனித் தொகுதியாவே கெடக்கு, எப்பதான் பொதுத் தொகுதி ஆக்குவானுவ?" யானைப்பாலம் பக்கத்து டீக்கடையில் எந்தத் தேர்தலிலும் இதைக் கேட்கலாம். அலசல்களும் "நீண்ட காலமாகத் தனித் தொகுதியாக இருப்பது பிற சமூகத்தினரிடையே அதிருப்தி" என்று ஒரு வரியை எறிந்துவிட்டுப் போகும். பஞ்சாயத்தில் சுழற்சி இருக்கும்போது இங்கே ஏன் இல்லை என்பது நியாயமான கேள்விதான். மறுவரையறையின்போது பட்டியல் சாதியினர் விகிதத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்கள், சுழற்றுவதில்லை. விகிதம் மாறாத வரை தொகுதியும் மாறாது. ஆனால் அந்த டீக்கடையில் நான் கேட்க நினைத்து, கேட்காமல் வந்த ஒன்று உண்டு. அறுபது வருஷமாக ஜெயித்த ஒவ்வொரு எம்.பி.யும் உங்கள் ஓட்டில்தானே அண்ணாச்சி ஜெயித்தார்? யாரை அனுப்புவது என்று அதிகம் தீர்மானித்தது நாம்தான். நமக்குக் கிடைக்காதது வேட்பாளராக நிற்கும் உரிமை மட்டும். அவர்களுக்குக் கிடைத்தது அது மட்டும்.

இதுவரை மற்றவர்களைக் குறை சொன்னேன். என் வேலையையும் சொல்ல வேண்டும்.

தேர்தல் முடிந்ததும் படிவம் 20 என்று ஒன்று வெளியிடுவார்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்கிற பட்டியல். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஸ்கேன் செய்த பி.டி.எஃப்., அதுவும் சாய்ந்து கிடக்கும். மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து எங்கள் ஊரையும் சுற்றுப்பட்டு கிராமங்களையும் எக்செலில் ஏற்றி, சாவடிப் பட்டியலோடு பொருத்தி, மேப்பில் கலர் போட்டேன். நம் கிராமங்களில் தெருவும் சாதியும் ஒன்றாகவே கிடப்பதால், பல இடங்களில் பூத்தும் அப்படியே பிரிகிறது. ஆயிரம் சொச்சம் ஓட்டு உள்ள ஒரு பூத்தின் நம்பரைப் பார்த்தாலே எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரிந்துவிடும். கடைசியில் உண்மையான தரவு கையில் கிடைத்தது, அலசல்காரர்களின் வாயை அடைத்துவிடலாம் என்று எனக்கு ஒரே பெருமை.

மேப்பைப் பெரியப்பாவிடம் காட்டினேன். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். முப்பது வருஷம் தேர்தல் டியூட்டி பார்த்தவர், ஓட்டு எண்ணவும் போனவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தாம்டே செஞ்சிருக்க. நாங்க எண்ணும்போது இத வராமப் பண்ணத்தான் பெட்டியெல்லாம் தொறந்து ஒண்ணாக் கொட்டிக் கலக்குவோம். எந்தச் சீட்டு எந்த ஊருதுன்னு ஒருத்தனுக்கும் தெரியப்பிடாது."

அவர் சொன்னது விதியிலேயே இருக்கிறது. தேர்தல் நடத்தை விதிகள் 59ஏ, சீட்டு முறைக் காலத்தில் மிரட்டல் இருக்கும் என்று தெரிந்தால் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண ஆணையத்துக்கு அதிகாரம் தந்தது. மெஷின் வந்ததும் கலக்க முடியாமல் போனது. பல மெஷின்களின் ஓட்டை மொத்தமாகக் கூட்டிக் காட்டுகிற டோட்டலைசர் என்ற கருவியை ஆணையம் 2008-லேயே முன்வைத்தது. 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. பூத் வாரியாகத் தெரிந்தால்தான் கட்சிகள் பின்தங்கிய இடங்களில் வேலை செய்ய முடியும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பின்தங்கிய இடத்தில் என்ன மாதிரி வேலை நடக்கும் என்பது கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ரோடு வராது, தண்ணீர் லாரி வராது, நூறு நாள் வேலையில் பெயர் விடுபடும். அதற்கு மேலேயும் நடக்கும்.

நான் நாலாவது பாராவைத் திட்டினேன், ஆதாரமில்லாத சதவீதம் என்று. பூத் பட்டியலும் தெருக் கணக்கும் தெரிந்த கட்சிக்காரரிடம் அதைவிடத் துல்லியமான எண் இருந்திருக்கும். அந்த எண்ணை நான் மூன்று வாரம் கண்விழித்து அழகாகக் கலர் போட்டுச் செய்திருக்கிறேன். அடுத்து, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-ல் சாதியையும் எண்ணப்போகிறது. கிராம வாரியாக அது வெளியானால், படிவம் 20-க்குப் பக்கத்தில் வைத்து ஓட்டுகிற புரோகிராமை எழுத எனக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கட்சிகளின் வார் ரூமில் சம்பளம் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

மாநில அளவில், தொகுதி அளவில் எனக்குத் தரவு வேண்டும். கிருஷ்ணசாமி ஏன் ஏழு முறை தோற்றார் என்று யோசிக்க அது தேவை. பூத் அளவில் எனக்கு அது தெரியக் கூடாது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் எனக்குத் தெரியாவிட்டால் மட்டும் போதுமா? படிவம் 20 எல்லோருக்கும் திறந்துதானே கிடக்கிறது.

பெரியப்பா கடைசியாக ஒன்று கேட்டார். அந்தக் கலரில் ஒரு பூத்தைத் தொட்டுக் காட்டி, "இது நம்ம தெருதானே?" என்றார். ஆமாம் என்றேன். எங்கள் தெரு மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, எதிர்ப் பக்கம் விழுந்தவை சொற்பம்.

"அந்தக் கொஞ்சத்துல ஒண்ணு என்னோடது. ஒங்க பெரியம்மைக்குக்கூடத் தெரியாது."

அன்றைக்கு ராத்திரி அந்த ஷீட்டை டிரைவிலிருந்து அழித்தேன். லேப்டாப்பில் இருக்கிற காப்பியை இன்னும் அழிக்கவில்லை.